யாருடைய வலது

சிலைத் தளம்
ஜனவரி 9

சின்னவளுக்கு,

நானாக எழுதவில்லை. "நீ பெரியவ, நீதான் இறங்கிப் போகணும்" என்று அம்மா ஹாரன் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்த மனிதர் லாரியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, செப்புத் தகடுகளை ஒப்படைக்கும் முன்பே, அத்தனை பேர் நடுவில் அதை அப்படியே ஒப்பித்தார். என் மானம் கப்பலேறியது.

கமிட்டிக் கூட்டத்தில் உன் சிலையின் கையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னேன். பொறாமையில் சொன்னதாக நீ வெளியே வந்து பேசினாய். அதோடு பேச்சு நின்றது. சரி, நீ சிற்பி, நான் இன்ஜினியர். கை எங்கே போக வேண்டும் என்பது உன் கவலை, போன இடத்தில் நிற்குமா என்பது என் கவலை. கமிட்டி உன் பக்கம் சாய்ந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு, அந்த உயரத்துக்குத் தோள் தாங்கும்படி புதிதாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் செய்து அனுப்பிய இரண்டு தோள் பெட்டிகளையும் ஏற்றி முடித்தாயிற்று. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தூக்கிய வலது கையைத் தாங்கும் பெட்டிக்குள் மட்டும் குறுக்குத் தகடுகள் அடைத்திருக்கும், மற்றது காலி. சிவப்புப் பெயிண்டில் வ, இ என்று பெரிதாக எழுதியிருந்ததால் குழப்பமே இல்லை. வ வலது தோளில், இ இடது தோளில். கிரேன்காரர்தான் இடது பெட்டியைத் தூக்கும்போது முணுமுணுத்தார்: "சும்மா தொங்குற கைக்கு இவ்வளவு கனமா? நல்லா உக்காந்து சாப்ட்டிருக்கு போல." அவர் எதைத் தூக்கினாலும் இப்படித்தான் புலம்புவார். எல்லோரும் சிரித்தோம்.

வலது கை போன வாரம் ஏறியது. நேற்று மதியம் கடற்காற்று கிளம்பியபோது நான் முழங்கைக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பது போல. புதுச் சட்டம் இறுகும்போது சத்தம் வருவது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கீழே இறங்கிய பிறகும் அது காதை விட்டுப் போகவில்லை. பயமாக இருந்தது. இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

சிலைக்கு நீ வைத்த அம்மாவின் முகம் நாளை ஏறுகிறது. மூக்கை நீ கொஞ்சம் தாராளமாகக் குறைத்துவிட்டாய்.

அக்கா


பட்டறை
ஜனவரி 20

அக்கா,

நீ "பயமாக இருந்தது" என்று எழுதியதை இங்கே யாரிடம் காட்டினாலும் உன் கையெழுத்து இல்லை என்று சத்தியம் செய்வார்கள். கூட்டத்தில் ஜெயிக்க முடியாததைக் கடிதத்தில் ஜெயிக்கப் பார்க்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றியதைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்.

இவ்வளவு உயரமான சிலை காற்றில் கொஞ்சம் ஆட வேண்டும், ஆடாவிட்டால்தான் ஒடியும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே? ஆடுகிற எதுவும் சத்தம் போடத்தான் செய்யும். அம்மா படியேறும்போது அவள் முட்டி போடாத சத்தமா?

அந்தக் கை ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுக வாயில் கப்பல் தீப்பிடித்துக் கவிழ்ந்த அன்று, கரையில் நின்ற அத்தனை பேரும் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். புகையில் ஒன்றும் தெரியாமல் நீந்திக்கொண்டிருந்தவர்களுக்குக் கையைத் தூக்கி, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்தினார்கள். அம்மாவும் கத்தினாள். அப்பா வரவில்லை. அந்தக் கையை அரைகுறையாகத் தூக்கி வைக்க என்னால் முடியாது. காதைச் சொறிகிற உயரத்தில் அம்மா கை நின்றால் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 2 திறப்பு விழா. கப்பலில் ஆள் இழந்த குடும்பங்கள் எல்லாரையும் கைக்குள் இருக்கும் படி வழியாக உள்ளங்கை மேடை வரை ஏற்றப் போகிறார்களாம். அம்மாவுக்கு முதல் இடம். அவள் இப்போதே மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுகிறாள். தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "என் மூக்கு மட்டும் ஒரு ஆள் உசரம்" என்று அளந்துவிடுகிறாள். அவள் ஆசையில் மண்ணைப் போடாதே.

சின்னவள்


சிலைத் தளம்
பிப்ரவரி 6

சின்னவளுக்கு,

அப்பாவை நடுவில் இழுக்காதே. எனக்கும் அவர்தான் அப்பா.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன், கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் படி. சுண்டுவிரலுக்கு நேராக ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, கீழே பலகையில் அடையாளம் போட்டு வைத்திருந்தேன். குண்டின் நுனி பலகையைத் தொடாமல் நின்றது. இப்போது தொடுகிறது. தொடுவது மட்டுமல்ல, கயிறு தொளதொளத்துக் கிடக்கிறது. கை இறங்குகிறது என்று அர்த்தம்.

வெல்டர் ஒருவர் இருக்கிறார், நெட்டையாக ஒல்லியாக இருப்பதால் கொக்கு என்று கூப்பிடுவோம். போன திங்கள் அவர் தோளுக்குள் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு போல்ட்டின் தலை தானாகத் தெறித்து அவர் காதை உரசிக்கொண்டு போனது. இறங்கி வந்து உட்கார்ந்தார். டீ கொடுத்தோம். டம்ளரைப் பிடித்தபடியே இருந்தார், குடிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒருவரும் கைக்குள் போகமாட்டேன் என்கிறார்கள். நான் முதலில் போய் நின்றால் பின்னால் வருகிறார்கள். அவர்களுக்கு நான் பயப்படாதவள் என்று நினைப்பு. உள்ளே நிற்கும்போது ஒவ்வொரு போல்ட்டாக நான் எண்ணிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

என் கணக்குப்படி அந்தத் தோள் இப்போது இருக்கிற பாரத்தைப் போல இன்னொரு பங்கையும் தாங்க வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தப்பாக இருக்கக் கூடாதா என்று தேடினேன் என்று சொன்னால் நம்புவாயா? தப்பு இருந்தால் காரணம் கிடைத்திருக்கும். கணக்கு சரி, கை இறங்குகிறது. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

ஒரு கேள்வி. மற்ற பாகங்கள் எல்லாவற்றிலும் எண்களை அச்சடித்து அனுப்பினீர்கள். தோள் பெட்டிகளில் மட்டும் வெறும் பெயிண்ட். அந்த எழுத்தைப் போட்டது யார்?

அக்கா


பட்டறை
பிப்ரவரி 15

அக்கா,

போலீஸ்காரர் மாதிரி கேட்கிறாய். எழுத்தைப் போட்டது நான்தான். இப்போது என்ன?

அச்சடிக்கிறவர் மகள் கல்யாணத்துக்கு லீவு. லாரி கிளம்பத் தயாராக நிற்கிறது, ஹாரன் அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முற்றத்தில் மாதிரிச் சிலைக்கு முன்னால் பெட்டிகள் இரண்டும் அவள் தோள்களுக்கு நேர் கீழே, அந்தந்தப் பக்கம் வைக்கப்பட்டிருந்தன. யாரையும் நம்பாமல் நானே பெயிண்ட் டப்பாவை எடுத்து, மாதிரியை நன்றாகப் பார்த்து, வலது பக்கம் இருந்ததில் வ, இடது பக்கம் இருந்ததில் இ என்று எழுதினேன். ஒரு சொட்டு வழியவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். இதில் என்ன குற்றம் பிடிக்கப் போகிறாய், என் கையெழுத்தையா?

உன் கடிதத்தைப் படித்த அன்று நானும் தூங்கவில்லை, அது வேறு விஷயம். கொக்குவுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

சின்னவள்


சிலைத் தளம்
பிப்ரவரி 24

சின்னவளே,

மாதிரிக்கு முன்னால் நின்றேன் என்கிறாய். அவள் முகத்தைப் பார்த்தபடியா நின்றாய்? அவள் வலது தோள் அப்போது உனக்கு எந்தப் பக்கம் இருந்தது? கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, முற்றத்துக்குப் போய், அதே இடத்தில் நின்று பார். பிறகு மேலே படி.

நீ முற்றத்துக்குப் போகாமல் படிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே சொல்கிறேன். உன் கடிதம் கிடைத்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே போனேன். இடது தோள் பெட்டியைத் தட்டினேன். "தொம்" என்று அடங்கிவிட்டது. வலது தோளுக்குப் போய்த் தட்டினேன். டங் என்று கிளம்பி, கை நெடுக ஓடி, விரல் நுனி வரை போய்த் திரும்பி வந்தது. காலிப் பானை. இன்னொரு தடவை தட்ட எனக்குக் கை வரவில்லை. எதைப் பிடித்து நிற்கிறது அந்தக் கை என்று நினைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குச் சட்டைப் பொத்தான் போடவும் ஷூ கட்டவும் வகிடு எடுக்கவும் சொல்லிக் கொடுத்தது நான். எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றாய். நான் வலது கையைக் காட்டினால் நீ இடது கையைக் காட்டுவாய். உன் வலது எப்போதும் எனக்கு இடது. வண்டியில் போகும்போது அப்பா ஓட்டுகிறவரிடம் என்ன சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? "சின்னவ வலதுன்னு சொல்லிட்டா, இடது பக்கம் திருப்புப்பா." விழுந்து விழுந்து சிரிப்போம்.

இதெல்லாம் தெரிந்த நான்தான், உன் கையெழுத்து என்றே தெரியாமல் அந்த எழுத்தை நம்பி ஏற்றினேன். கிரேன்காரர் புலம்பியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதனால் பழியைத் தூக்கி உன் தலையில் கட்டவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டியிருக்கிறோம்.

கமிட்டித் தலைவர் வந்திருந்தார். கையை இறக்கிப் பெட்டியை மாற்ற வேண்டும் என்றேன். "விழா முடியட்டும்மா, பார்த்துக்கலாம்" என்றார். பெட்டியில் சின்னத் துளை போட்டுக் காட்டுகிறேன் என்றேன். திறப்புக்கு முன்னால் சிலையில் ஓட்டையா என்று கத்தினார். கடைசியில், குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி மேல இன்னும் கோவம் தீரலையா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னாலும் பொறாமைக் கணக்கில் போய்விடுகிறது. நீ சொன்னால்தான் எடுபடும். கமிட்டி ஆபீஸ் உன் ஊரில்தான் இருக்கிறது. போய் உன் வாயால் சொல்.

இரும்புக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறேன். அது கையை மட்டும் தாங்கும், கைக்குள் நிற்கும் கூட்டத்தைத் தாங்காது. அம்மாவை அனுப்பாதே.

அக்கா


பட்டறை
மார்ச் 12

அக்கா,

முற்றத்துக்குப் போனேன். நின்று பார்த்தேன். நீ சொன்னதுதான்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் கதவைத் தட்டினாலும் கை விழுந்துவிட்டதென்று சொல்ல வந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கமிட்டி ஆபீஸ் வாசல் வரை இரண்டு தடவை போனேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டதும் திரும்பிவிட்டேன். திட்டு. திட்டத்தான் வேண்டும்.

கையை ஒரு தடவை இறக்கினால் மறுபடி ஏற்ற விடுவார்களா? செலவைச் சொல்வார்கள், ஆபத்தைச் சொல்வார்கள், இப்படியே இருக்கட்டும் என்பார்கள். கை இல்லாமல் அவள் யார்? கடலை வேடிக்கை பார்க்கும் ஒரு பெரிய பொம்பளை. இடது வலது தெரியாதவள் செய்த சிலை என்று என்னை ஊரே சொல்லிச் சிரிக்கும். இன்னும் கொஞ்சம் கயிறு கட்டக் கூடாதா? விழா ஒரே ஒரு நாள்தானே? அன்று காற்று இல்லாமலும் இருக்கலாமே? இதை எழுதும்போதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்மாவை என்னால் நிறுத்த முடியவில்லை. விழாவுக்கு முன்னால் ஒத்திகையாம், குடும்பங்களை எல்லாம் அழைத்திருக்கிறார்கள். நாளைக் காலை ஹாரன் அண்ணன் லாரியிலேயே கிளம்புகிறாள். போகாதே என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதமும் அவள் பையில்தான் வருகிறது. வழியில் பிரித்துப் படித்துவிடுவாள் என்று அவளுடைய கண்ணாடியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து வீடெல்லாம் தேடுகிறாள், நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன்.

அவளை மட்டும் மேலே ஏற விடாதே அக்கா. முட்டியைக் காரணம் காட்டு, உடம்பு சரியில்லை என்று சொல், எதையாவது செய். மற்றவர்களைப் பற்றி என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

சின்னவள்


சிலைத் தளம்
மார்ச் 19

சின்னவளுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லாரியிலிருந்து இறங்கியதும் உன் கடிதத்தை என் கையில் கொடுத்து, "கண்ணாடி காணாமப் போச்சு, நீயே வாசி" என்றாள். வாசித்தேன். கண்ணாடியை நீ ஒளித்து வைத்த இடம் வரை ஒரு வரி விடாமல் வாசித்தேன். அவளிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. கேட்டு முடித்து, பெட்டி என்றால் என்ன, தோள் என்றால் எது என்று இரண்டு கேள்வி கேட்டாள். அப்புறம், "எப்ப ஏறணும்?" என்றாள்.

நான் கெஞ்சினேன். அவள் காதில் வாங்கவில்லை. ஒத்திகைக்கு வந்த குடும்பங்களுக்கு முன்னால், எல்லோருக்கும் முதலாளாக, மூச்சு வாங்க வாங்க ஏறினாள். இடுப்பு, மார்பு, தோள். கைக்குள் போகும் படி ஆரம்பிக்கும் இடம் குறுகலானது, ஒரு ஆள்தான் போகலாம். அங்கே போனதும் அம்மா முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா உட்கார்ந்தால் அந்தப் படியில் கடுகு விழக்கூட இடமில்லை.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றார் தலைவர்.

"முட்டி பிடிச்சுக்கிச்சு தம்பி. எந்திரிக்க முடியல."

"கை கொடுங்க, தூக்கி விடறோம்."

"தொட்டுப் பாரு" என்றாள், தம்பியெல்லாம் காணாமல் போன குரலில்.

பின்னால் முப்பது நாற்பது பேர் படிகளில் நெருக்கியடித்து நின்றார்கள். சிலர் கையில் போட்டோ வைத்திருந்தார்கள். யாரோ முனகினார்கள், யாரோ சிரித்தார்கள். அப்போது காற்று கிளம்பியது. பல் கடிக்கும் அந்தச் சத்தம் அம்மாவின் தலைக்கு மேலே ஆரம்பித்து நீண்டுகொண்டே போனது. இன்னொரு போல்ட்டின் தலை தெறித்தது. அது சட்டத்தில் இடித்து இடித்துச் சிலையின் வயிறு வரை விழுந்துகொண்டே போகும் சத்தத்தை நாங்கள் எல்லோரும் மூச்சு விடாமல் கேட்டோம். வந்தவர்கள் திரும்பி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். அம்மா எல்லோரும் இறங்கும்வரை அந்தப் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அவள் கையைப் பிடித்தபோது அது சில்லென்று இருந்தது.

கீழே வந்ததும் தலைவர், "ஒரு போல்ட்டுதானே, விழாவுக்குள்ள முடுக்கிடுங்க" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் மாறவில்லை. ஏப்ரல் 2 அப்படியே இருக்கிறது. அன்றைக்கு அம்மா ஒருத்தி எத்தனை படியை அடைப்பாள்?

சாயங்காலம் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இடது வலது மாறினதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அன்னிக்குக் கரையில நின்னு நானும் இந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு கைய காட்டினேன். அவருக்கு அது எந்தப் பக்கமாத் தெரிஞ்சுதோ, இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லவும் ஆள் இல்ல, கேக்கவும் ஆள் இல்ல. அவளுக்கு இருக்கே. வாயத் தொறந்து சொல்லச் சொல்லு."

ஹாரன் அண்ணன் நிற்கிறார். இன்று ஹாரன் அடிக்கவில்லை.

அக்கா


பட்டறை
மார்ச் 27

அக்கா,

சொல்லிவிட்டேன்.

விழாவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். கையை இறக்கும் உத்தரவு இந்தக் கடிதத்தோடு ஹாரன் அண்ணனிடம் வருகிறது. மறுபடி ஏற்றுவதைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கையை இறக்கும்போது நீ உள்ளே இருக்காதே. இருப்பாய் என்று தெரியும். கயிறுகள் எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்துக்கொள். இந்தக் கடிதம் அங்கே வரும்வரை காற்று அடிக்கக் கூடாது என்று நான் இங்கே மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அம்மாவின் கண்ணாடியை அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். இதை அவளே வாசிக்கட்டும்.

எப்படிச் சொன்னாய் என்று கேட்பாய். மேஜைக்கு அந்தப் பக்கம் கமிட்டிக்காரர்கள் வரிசையாக, இந்தப் பக்கம் நான் மட்டும். வலது பெட்டி இடதுக்குப் போய்விட்டது, என் எழுத்துதான் காரணம் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "வலதுன்னா யாரோட வலது? நம்ம வலதா, சிலையோட வலதா?" என்று ஒருவர் கேட்டார். விளக்கினேன். இன்னும் குழம்பினார்கள். ஒருவர் இந்தக் கையைத் தூக்கினார், இன்னொருவர் அந்தக் கையைத் தூக்கினார். தலைவர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து முடித்தால் எல்லாம் சிரிப்பாகவே முடிந்துவிடும் என்று எனக்குப் புரிந்தது. எதிரில் உட்கார்ந்து எதைச் சொன்னாலும் அது அவர்களுக்கு மாறித்தான் போய்ச் சேரும், நம் இரண்டு பேருக்கும் நடந்தது போல.

எழுந்தேன். அவர்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். இப்போது என் வலதும் அவர்கள் வலதும் ஒரே பக்கம். கையைத் தூக்கினேன், அவள் தூக்கியிருக்கும் அதே உயரத்துக்கு.

"இந்தப் பக்கம்" என்றேன். "இந்தப் பக்கம்தான் காலி."

சின்னவள்